27 பாயின்ட்டில் ஜெயித்தாக வேண்டிய மேட்ச்: வாசகர் கேள்விகள்

பெண்கள் கூடைப்பந்தில் குரூப் சுற்று எப்படி நடக்கிறது என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, பெரும்பாலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை வைத்து. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி தருகிறார்களே, எதற்கு?

வந்து ஆடியதற்கு. ஜெயித்தால் 2, தோற்றால் 1, ஆட வராமல் போனாலோ ஆட மறுத்தாலோ 0. அப்படிப் போனால் எதிரணி 20-0 என்று ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். கூடைப்பந்தில் டிரா கிடையாது, 40 நிமிடத்தில் சமன் என்றால் 5 நிமிடம் கூடுதல் நேரம், அப்போதும் சமன் என்றால் இன்னொரு 5. அதனால் எல்லோரும் ஒழுங்காக ஆடுகிற வரை இந்த 1 புள்ளியால் வரிசையில் எந்த மாற்றமும் வராது.

கேள்வி: ஜப்பானை ஜெயித்தால் மட்டும் போதாது, 27 பாயின்ட்டில் ஜெயிக்க வேண்டும் என்று பெல்ஜியத்துக்கு ஒரு கணக்கு வந்ததே. அது எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாரிஸ் ஒலிம்பிக் என்றாலும் குரூப் ஆட்டங்கள் நடந்தது லில் நகரத்தில். 12 அணி, நான்கு நான்காக 3 குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணி நேராகக் காலிறுதிக்கு, அது 6 ஆயிற்று. மீதி 2 இடம், மூன்றாவதாக வந்த மூன்று அணிகளில் சிறந்த இரண்டுக்கு. அதாவது மூன்றில் ஒன்று மட்டும் மூட்டை கட்ட வேண்டும்.

நைஜீரியா 2 ஜெயம் வைத்திருந்தது, அதற்குப் பிரச்சினை இல்லை. சண்டை சீனாவுக்கும் பெல்ஜியத்துக்கும். வேறு வேறு குரூப், நேரில் மோதவே இல்லை. அதனால் ஜெயம் சமன் என்றால், போட்ட பாயின்ட்டில் விட்டுக்கொடுத்த பாயின்ட்டைக் கழித்து வருகிற வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள். சீனா ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் 90-89 என்று தோற்றது, செர்பியாவிடம் 81-59 என்று தோற்றது, போர்ட்டோ ரீகோவை 80-58 என்று ஜெயித்தது. கழித்துக் கூட்டினால் மொத்த வித்தியாசம் மைனஸ் 1. பெல்ஜியம் ஜெர்மனியிடம் 83-69, அமெரிக்காவிடம் 87-74, இரண்டும் தோல்வி, ஆக மைனஸ் 27. கையில் ஒரே மேட்ச், எதிரே ஜப்பான், அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணி. 27-ல் ஜெயித்தால் கணக்கு பூஜ்யம், சீனாவைத் தாண்டிவிடலாம். முடிவு 85-58. சரியாக 27.

அன்றைக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன், இன்னொன்று கண்ணில் பட்டது. மூன்று மேட்சிலும் சேர்த்து சீனா போட்ட பாயின்ட் 228. பெல்ஜியம் போட்டதும் 228. விட்டுக்கொடுத்தது சீனா 229, பெல்ஜியம் 228. அவ்வளவுதான் வித்தியாசம்! செர்பியாவிடம் தோற்ற அந்த மேட்சில், ஆட்டம் கையை விட்டுப் போன பிறகு, யாரோ ஒருத்தர் கூடுதலாக ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ போட்டிருந்தால் இரண்டு அணிக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று சமனாகியிருக்கும், அடுத்து பார்ப்பது யார் அதிகம் போட்டார்கள் என்பதை, அங்கே சீனா 229, பெல்ஜியம் 228, உள்ளே போயிருப்பது சீனா. 2022 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை வந்த அணி இது. அந்த 59-ஐ 60 ஆக்க முடியாமல் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

பெல்ஜியம் அப்புறம் காலிறுதியில் ஸ்பெயினையே 79-66 என்று வீழ்த்தி, அரையிறுதியில் பிரான்ஸிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது.

கேள்வி: ஒரே குரூப்பில் இருந்த பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நைஜீரியா மூன்றும் 2 ஜெயம் 1 தோல்வி. நைஜீரியா ஆஸ்திரேலியாவை நேரில் ஜெயித்திருக்கிறது. பிறகு எப்படி ஆஸ்திரேலியாவுக்குக் கீழே போனது?

இரண்டு அணி சமன் என்றால் நேரில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துவிட்டு முடித்துவிடலாம். மூன்று அணி சமன் என்றால் அது உதவாது, ஏனென்றால் நைஜீரியா ஆஸ்திரேலியாவை, ஆஸ்திரேலியா பிரான்ஸை, பிரான்ஸ் நைஜீரியாவை என்று வட்டமாக ஜெயித்திருக்கிறார்கள். அப்போது இந்த மூன்று பேர் தங்களுக்குள் ஆடிய மேட்ச்களை மட்டும் தனியே எடுத்து வித்தியாசம் பார்ப்பார்கள், குரூப்பின் நான்காவது அணியான கனடாவோடு ஆடியதைச் சேர்க்கவே மாட்டார்கள். பிரான்ஸ் நைஜீரியாவை 75-54, ஆஸ்திரேலியாவிடம் 79-72 தோல்வி, ஆக பிளஸ் 14. ஆஸ்திரேலியா அந்த 7-ஐச் சேர்த்து, நைஜீரியாவிடம் 75-62 என்று தோற்ற 13-ஐக் கழித்தால் மைனஸ் 6. நைஜீரியா மைனஸ் 8.

இந்த மைனஸ் 8-ஐ வைத்து அவர்களை எடை போட்டுவிடாதீர்கள். ஒலிம்பிக்கில் 20 வருஷமாக ஒரு மேட்ச் கூட ஜெயிக்காமல் இருந்த அணி. முதல் மேட்சிலேயே ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது, கடைசி மேட்சில் கனடாவை 79-70. ஆண்கள், பெண்கள் இரண்டிலும் சேர்த்து ஒலிம்பிக் கூடைப்பந்தில் காலிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி இதுதான். எஸின்னே கலு பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிற வேகத்துக்காகவே அந்த மேட்ச்களை முழுசாகப் பார்க்கலாம். கோச் ரெனா வகாமாவைத்தான் அந்தப் போட்டியின் சிறந்த கோச்சாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் எனக்குத் தனி சந்தோஷம்.

கேள்வி: 20 பாயின்ட் முன்னிலையில் இருக்கும்போதும் கடைசி நொடி வரை போட்டுக்கொண்டே இருப்பது எதிரணியை அவமானப்படுத்துவது ஆகாதா?

குரூப் சுற்றில் ஆகவே ஆகாது. நாக் அவுட் மேட்ச் என்றால் சரி, ஜெயம் உறுதியான பிறகு பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவது ஒரு மரியாதை. குரூப்பில் ஒவ்வொரு கூடையும் நாளைக்குக் கணக்கில் வரும், உங்களுக்கும் வரும், தோற்கிறவர்களுக்கும் வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரி அணிக்கு ஆடிய நாளில் ஒரு லீக் மேட்ச், நாங்கள் 14 முன்னிலை, இன்னும் 15 நொடி இருக்கிறது, பந்து என் கையில். கூடை வரைக்கும் வழியில் யாரும் இல்லை. எதிரணியில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள், அவளைப் பார்த்ததும் எனக்குப் போட மனசு வரவில்லை, நடுக்கோட்டுப் பக்கத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டு நின்றேன். விசில் ஊதியதும் போய் அவளுக்குக் கை கொடுத்தேன். மறுநாள் மூன்று அணி சமன் ஆகி, வித்தியாசத்தில் 1 பாயின்ட் குறைந்து நாங்கள் வெளியே. கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடுகிற ஒரு லே-அப், 2 பாயின்ட். எங்கள் சீனியர்கள் சிலருக்கு அதுதான் கடைசிப் போட்டி. இன்றைக்குத் தோற்கிற அணி கடைசி 10 நொடியில் ஓடிப்போய் ஒரு கூடை போடுவதைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: வித்தியாசம் போதவில்லை என்றால், வேண்டுமென்றே தன் கூடையிலேயே போட்டு சமன் ஆக்கி, கூடுதல் நேரத்தில் அதிகம் போட்டு ஜெயிக்கலாமே?

முடியாது. தெரிந்தே தன் கூடையில் போட்டால் அது விதிமீறல், அந்தக் கூடை செல்லாது. தெரியாமல் விழுந்தால் மட்டும் எதிரணிக்கு 2 பாயின்ட்.

கேள்வி: பெல்ஜியம் கடைசி நாளில் ஆடியதால் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடியது. சீனாவுக்கு அது கிடைக்கவில்லை. இது நியாயமா?

நியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. சீனாவின் கடைசி மேட்ச் ஆகஸ்ட் 3, பெல்ஜியத்துடையது ஆகஸ்ட் 4. சீனாவுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு போட வேண்டும் என்பதுதான் இலக்கு, பெல்ஜியத்துக்கு 27 என்று ஒரு எண். எண் தெரிந்தால் கோச் எப்போது டைம் அவுட் எடுப்பது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது எல்லாம் மாறிவிடும். ஆனால் இதில் பெல்ஜியத்தின் தப்பு எதுவும் இல்லை, அட்டவணை அப்படி. ஒரே அரங்கத்தில் எல்லா மேட்சும் நடக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கவும் முடியாது. மூன்றாம் இடத்துக்காரர்களைக் குரூப் தாண்டி ஒப்பிடுகிற முறையை விட்டால்தான் இது தீரும். 2022 சிட்னி உலகக் கோப்பையில் ஆறு ஆறாக இரண்டு குரூப், ஒவ்வொன்றிலும் முதல் நான்கு அணி காலிறுதிக்கு, குரூப் தாண்டி ஒப்பிட வேண்டியதே இல்லை. போர்ட்டோ ரீகோ 2 ஜெயம் 3 தோல்வியோடு அதில் உள்ளே வந்தது. அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஆளுக்கு ஐந்து மேட்ச் ஆட நாள் வேண்டும், ஒலிம்பிக்கில் அது கஷ்டம்.

கேள்வி: அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த நைஜீரியாவுக்குக் காலிறுதியில் அமெரிக்காவா கிடைக்க வேண்டும்?

ஸ்பெயின் இல்லை என்றால் அமெரிக்கா, அதுதான் நிலைமை. காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளின் வரிசையில் முதல் இரண்டு இடத்து அணிகளான அவர்கள், கடைசி இரண்டு இடத்தில் வந்த நைஜீரியா, பெல்ஜியத்தோடு ஆட வேண்டும். ஒரே குரூப்பில் இருந்தவர்கள் காலிறுதியில் மோதக்கூடாது என்று விதி இருக்கிறது. பெல்ஜியமும் அமெரிக்காவும் ஒரே குரூப். அதனால் பெல்ஜியத்துக்கு ஸ்பெயின், நைஜீரியாவுக்கு அமெரிக்கா என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நைஜீரியா 88-74 என்று, 14 பாயின்ட்டில் தோற்றது. அதற்கு மூன்று நாள் முன்னால் குரூப் சுற்றில் அமெரிக்காவிடம் ஜெர்மனி தோற்றது 19 பாயின்ட்டில்.