அடுப்படியும் ஏடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குறுந்தொகையில் தலைவி சமைக்கும் தயிர்க் குழம்பை இன்றைக்குச் சமைத்துப் பார்த்து, அதைக் கட்டுரையாக எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பாட்டில்தான். கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாடல், ஆறே அடி. முற்றிய தயிரைப் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்திய சேலை, கண்ணில் ஏறும் தாளிப்புப் புகை, கணவன் 'இனிது' என்று உண்பது, அவள் முகம் நுட்பமாக மலர்வது. இவ்வளவுதான். செய்முறை முழுவதும் 'தான் துழந்து அட்ட தீம்புளிப் பாகர்' (அவளே துழாவிச் சமைத்த இனிய புளிப்புக் குழம்பு) என்ற அடிக்குள் இருக்கிறது. துழந்து என்றால் துழாவி. தயிர்க் குழம்பின் உயிரே அந்தச் சொல்தான்! துழாவாமல் விட்டால் அடியில் இருக்கும் தயிர் முதலில் சூடேறும். அதிலுள்ள புரதம் இறுகித் திரிதிரியாகி, நீர் தனியே நிற்கும். அப்படித் திரிந்ததை மீண்டும் சேர்க்க முடியாது.

சமைக்கும்போது 1 மேசைக்கரண்டி பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 1 தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகத்தோடு மைய அரையுங்கள். லேசாகப் புளித்த 2 கப் தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, அரைத்த விழுதையும் அரை கப் தண்ணீரையும் அடுப்பில் வைக்கும் முன்பே கலந்துவிடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். கரண்டி பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி துழாவுங்கள். ஓரத்தில் நுரை கூடி, கரண்டியின் பின்புறம் குழம்பு மெல்லிய ஏடாகப் படிந்ததும் இறக்குங்கள். கொதிக்கவிடக் கூடாது. உப்பு சேர்ப்பது இறக்கிய பிறகுதான். 2 தேக்கரண்டி நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். ஈர இலை சூடான நெய்யில் விழும்போது கிளம்புகிறதே, பாட்டில் வரும் 'குய்ப்புகை' (தாளிப்புப் புகை) அதுதான்.

கட்டுரையில் ஒன்றை மறைக்காதீர்கள்: அரிசியும் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் இந்தப் பாட்டில் இல்லை. தயிர் திரியாமல் தாங்குவதற்கே அரிசி. மிளகுக்கும் கறிவேப்பிலைக்கும் பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூல் துணை. அங்கே மாதுளங்காயோடும் வெண்ணெயோடும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மிளகாய் மட்டும் வேண்டாம். அது போர்த்துகீசியர் வந்த பிறகு நமக்குக் கிடைத்தது.

கேள்வி: நான் எழுதும் சமையல் கட்டுரைகளில் 'சுவையான', 'கமகமக்கும்' என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எப்படித் தவிர்ப்பது?

பதில்: அந்தச் சொற்களை அடித்துவிட்டு, அதே இடத்தில் பாத்திரத்துக்குள் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். 'வெங்காயம் நன்றாக வதங்கியதும்' என்பது யாருக்கும் உதவாது. 'ஓரம் பழுப்பேறி, எண்ணெய் பிரிந்ததும்' என்றால் சமைப்பவருக்கு அது அளவு, வாசிப்பவருக்குக் காட்சி. நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பாத்திரத்தின் கனத்துக்கும் தீக்கும் ஏற்ப அது மாறும். மேலே சொன்ன பாட்டிலும் 'இனிது' என்பதைப் புலவர் தாமாகச் சொல்லவில்லை, உண்டவனுக்கு விட்டுவிட்டார்.

கேள்வி: செய்முறையைக் கட்டுரையின் நடுவே சொல்லலாமா?

பதில்: வேண்டாம், கடைசியில் தனியாகக் கொடுங்கள். பொருள்கள் பயன்படும் வரிசையிலேயே இருக்கட்டும். '1 கப் தேங்காய்த் துருவல், அரைத்தது' வேறு, '1 கப் அரைத்த தேங்காய்' வேறு. இரண்டாவதற்குத் துருவல் கூடுதலாக வேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன் வேறொருவரைச் சமைக்கச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். அவர் எங்கே நிறுத்தி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது.