டெலிக்கும் தொலைக்கும் சொந்தமா?

கேள்வி: எங்க தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு சுத்துது சார், டெலிவிஷன்ல இருக்கிற 'டெலி' நம்ம 'தொலை'யிலேர்ந்துதான் போச்சுன்னு. நிஜமா?
- ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இல்லீங்க. டெலி பழைய கிரேக்கச் சொல், தூரத்துலன்னு அர்த்தம். ஹோமரோட ஒடிசிங்கிற பழைய கிரேக்கக் காவியத்துல ஹீரோவுக்குப் பொறந்த பையன் பேரே டெலிமாக்கஸ், அதாவது தூரத்துல சண்டை போடுறவன். அப்பாக்காரர் டிராய்ல போய் 10 வருஷம் சண்டை போட்டுட்டிருந்தா வேற என்ன பேர் வைப்பாங்க!

1611ல ரோம்ல கலிலியோவுக்கு ஒரு விருந்து குடுத்தாங்க, அங்கதான் டெமிசியானிங்கிற கிரேக்கர் அவரோட கருவிக்கு டெலஸ்கோப்னு பேர் வச்சார்னு சொல்வாங்க. அதுல ரெண்டு பாதியும் கிரேக்கம், டெலிபோன்லயும் அப்படியேதான். டெலிவிஷன்தான் கலப்பு. 'விஷன்' லத்தீன்லேர்ந்து வந்தது, பார்க்கிறதுன்னு அர்த்தம், வீடியோவுக்கும் அதே வேர்தான். 1900ல பாரிஸ்ல நடந்த மின்சார மாநாட்டுல பெர்ஸ்கிங்கிற ரஷ்யர் பிரெஞ்சுல இந்த வார்த்தைய சொன்னார், அப்போ வீட்டுல வைக்கிற டிவியே கிடையாது, பேர்தான் முதல்ல பொறந்துச்சு! கிரேக்கத்தையும் லத்தீனையும் ஒட்டுப்போட்டுட்டாங்களேன்னு பின்னாடி பண்டிதர்கள் முகம் சுளிச்சாங்க. கரோல் பாக்ல நாம 'டபுள் ரொட்டி'ன்னு பாதி இங்கிலீஷ் பாதி ஹிந்தியில பிரெட் கேட்டு வாங்கலையா, அந்த மாதிரிதான்.

நம்ம நாட்டுல டிவி ஆரம்பிச்சதே டெல்லியிலதான், 1959 செப்டம்பர் 15. அப்புறம் வந்த தூர்தர்ஷன்ங்கிற பேர் டெலியை 'தூர்'னும் விஷனை 'தர்ஷன்'னும் அப்படியே மாத்தினது. தமிழ்ல தொலைக்காட்சின்னு வச்சப்போ அர்த்தமும் பொருந்துச்சு, சத்தமும் பொருந்துச்சு, அதுல ஏமாந்துதான் இந்த ஃபார்வர்டு எல்லாம் வருது. சத்தம் ஒத்துப்போனா மட்டும் போதாதுங்க, வார்த்தை எந்த வழியா போச்சுன்னு தடயம் வேணும்.

அந்தத் தடயம் இருக்கிற வார்த்தை வேணுமா, இஞ்சிய எடுத்துக்குங்க. 'இஞ்சி', 'வேர்' ரெண்டும் சேர்ந்து பாலி மொழியில 'சிங்கிவேர', கிரேக்கத்துல 'ஜிங்கிபெரிஸ்', லத்தீன்ல 'ஜிஞ்ஜிபெர்', கடைசியில இங்கிலீஷ்ல ஜிஞ்சர்னு ஆச்சு. சரக்கு போன வழியிலேயே பேரும் போயிருக்கு, மொழி ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கிட்டதுதான்.

குரூப்புல இதைப் போடுங்க. ஆனா தமிழ் மட்டும்னு எழுதிடாதீங்க, மயூர் விஹார்ல மலையாளத்துக்காரங்க நிறைய, அவங்களுக்கும் அது இஞ்சிதான்.