தெரிந்தவர்கள் வந்து அடுத்தவருடைய ரிப்போர்ட்டைக் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கவுன்ட்டர் வேலையில் சேர்ந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் வந்து இன்னொருவருடைய ரிசல்ட்டைக் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. நல்ல முடிவாக இருந்தால் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லக் கூடாது. நல்ல முடிவென்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நானும் இதே ஊரில் லேப் கவுன்ட்டரில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்" என்று நான்கு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளைப் பற்றிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டால், கேட்டவருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஆகவே யார் கேட்டாலும், முடிவு எதுவானாலும், ஒரே பதில்: "அவரே வந்து வாங்கிக்கொள்ளட்டும் அண்ணா." முகமும் மாறக் கூடாது.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். மருமகளைப் பற்றிக் கவலைப்படும் மாமியார், குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியப்பா. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜ் பையன் ரசீதை எடுத்துக்கொண்டு வருவான். நோயாளி கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் உறையை ஒட்டி அவனிடம் கொடுங்கள். பிரித்து விளக்காதீர்கள். மொழிபெயர்க்க அவன் தேவைப்பட்டால் நோயாளியும் பக்கத்தில் இருக்கட்டும், அவர் சம்மதித்த பிறகு பேசுங்கள்.

முதலாளி தரப்புதான் கடினம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலையோ ஷூ கம்பெனியோ ஆட்களை மொத்தமாகப் பரிசோதனைக்கு அனுப்பும். பணம் கட்டியது நிர்வாகம், ஆகவே ரிப்போர்ட்டும் தனக்கே என்று மேனேஜர் நினைப்பார். அந்த ஆள் வேலைக்குத் தகுதியானவரா, எந்த வேலையில் வைக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழ் அவருக்குப் போதும். அபாயகரமான செய்முறைகளில் வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்வது உண்மைதான். அதே சட்டம் அந்தப் பதிவைப் பார்க்கத் தொழிலாளிக்கும் வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி மேனேஜர் ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவைத் தொலைபேசியில் கேட்டால், நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

எச்ஐவி விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது. வேலை கொடுப்பதற்கு அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. ஒருவருக்குத் தொற்று இருப்பதை, சட்டம் அனுமதித்த சில சூழல்கள் தவிர, அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல். சென்னையில் மருத்துவர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் நம் ஊர் சிஎம்சி மருத்துவமனையில்தான் சோதிக்கப்பட்டன. அந்தச் சட்டம் வர அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் வாய்விட்டதால் வேலையையும் வாடகை வீட்டையும் இழந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

காசநோயைப் பற்றிக் கேட்பீர்கள். 2012 முதல் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் சுகாதாரத் துறைக்குப் போவது கடமை. முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போனால் அது வேறு கதை.

கணினிக்கு அவரவருக்குத் தனி பாஸ்வேர்டு வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் காகிதத்தைப் பற்றித்தான் அதிக பயம். தப்பாக அச்சான ரிப்போர்ட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போனால், அங்கிருந்து போண்டா மடிக்கும் கடைக்கு வர எவ்வளவு நேரமாகும்? பெயர், வயது, முடிவு எல்லாம் அதில் இருக்கும். கிழித்துத் துண்டாக்கிய பிறகே வெளியே விடுங்கள். கவுன்ட்டரில் பெயரோடு பரிசோதனையின் பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிடாதீர்கள், டோக்கன் எண் போதும். மருத்துவருக்கு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், உங்கள் சொந்தத் தொலைபேசியில் வேண்டாம், லேப் தொலைபேசியைக் கேளுங்கள்.

இந்த வாரமே உங்கள் உரிமையாளரிடம் ஒரு நோட்டு கேட்டு வாங்குங்கள். நோயாளிக்குப் பதிலாக ரிப்போர்ட் வாங்க வருகிறவரின் பெயர், உறவு, கையெழுத்து, நோயாளியின் கடிதம் இருந்ததா என்பதை அதில் எழுதி வையுங்கள். "நோட்டில் எழுத வேண்டும், கடிதம் இல்லாமல் கொடுக்க முடியாது" என்று சொல்வது, "உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்பதைவிடச் சுலபம். பெரியப்பாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.