ஹொரேஷியோ வெறும் ஆமாம்சாமியா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் எங்களுக்குப் பாடம். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டோடு வரும் ஹொரேஷியோவின் குணநலனை எழுதச் சொன்னால் ‘உற்ற நண்பன்’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. “ஆம் இளவரசே”, “ஆகட்டும் இளவரசே” என்பதைத் தவிர அவன் என்னதான் செய்கிறான்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: உங்கள் சலிப்பு எனக்குப் பழக்கமானது. மாணவனாக இருந்தபோது ஹாம்லெட் வேஷத்துக்கு ஆசைப்பட்டுப் போய், ஹொரேஷியோவோடு திரும்பி வந்தவன் நான். மேடையில் பேசிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் ஒத்திகை முழுக்க என் கவலை.

ஆனால் ஆமாம்சாமி என்றால் ஒப்பமாட்டேன். ஹாம்லெட்டின் அப்பாவான இறந்த மன்னரின் ஆவியைப் பார்த்தோம் என்று காவலர்கள் சொன்னபோது, எல்லாம் பிரமை என்றவன் அவன். ஆவி கூப்பிடுகிற பக்கம் ஹாம்லெட் கிளம்பும்போது, “கடலோரப் பாறை உச்சிக்கு இழுத்துப்போய்ப் புத்தியைக் கலக்கிவிட்டால்?” என்று தடுக்கிறான். கடைசியில் வாள்போட்டிக்கு முன், “நீங்கள் தோற்பீர்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். மனசுக்குச் சரிப்படவில்லையென்றால் விட்டுவிடுங்கள், நானே போய்ச் சமாளிக்கிறேன் என்கிறான். இப்படிப் பேச அந்த அரண்மனையில் வேறு யார் இருக்கிறார்கள்? ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் சிறு வயது முதல் கூட வளர்ந்தவர்கள்தான். “உங்களை வரவழைத்தார்களா?” என்று ஹாம்லெட் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் அங்கத்தில், நாடகத்துக்குள் நாடகம் நடக்கும் காட்சியில்தான் என் வேஷம் எனக்குப் பிடிபட்டது. நல்ல மனசைத் தவிர உனக்கு வேறு வருமானம் இல்லை, உன்னை நான் ஏன் முகஸ்துதி செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கொன்றவன் என்று ஆவி சொன்ன சித்தப்பா, இப்போதைய அரசன் கிளாடியஸின் முகத்தைக் கவனி என்கிறான் ஹாம்லெட். எல்லோரும் நாடகத்தைப் பார்க்க, நான் மட்டும் கிளாடியஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையும் மெல்ல என் பார்வை போன பக்கம் திரும்பியது. அன்றைக்குக் கைகளைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

இனி, உரைநூல்கள் அதிகம் தொடாத இடத்துக்கு வருகிறேன். நான்காம் அங்கத்தில், ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா சித்தம் கலங்கி வரும்போது ஹொரேஷியோ அங்கே இருக்கிறான். 1604-05இல் அச்சான பதிப்பில், அவளைச் சந்தித்துப் பேசுவது நல்லது என்று அரசிக்கு யோசனை சொல்பவனே அவன்தான். (1623 பதிப்பில் அந்த வரிகள் அரசியின் வாய்க்குப் போய்விட்டன.) பிறகு அவன் ஹாம்லெட்டைச் சந்திக்கிறான், இருவரும் இடுகாட்டில் மண்டையோட்டை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுகிற குழி ஒஃபீலியாவுக்கு என்று ஹாம்லெட்டுக்குத் தெரியாது. அவள் இறந்தது ஹொரேஷியோவுக்கும் தெரியாமல் இருக்கலாம். அந்தச் செய்தி அரண்மனைக்கு வருமுன்பே அவன் கிளம்பிவிட்டான். ஆனால் அவள் புத்தி பேதலித்ததைக் கண்ணால் கண்டவன், அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

ஷேக்ஸ்பியரின் அவசரம் என்பார்கள். இருக்கலாம். எனக்கு அது ஹொரேஷியோவின் சுபாவமாகவே படுகிறது. மன்னரின் ஈமச்சடங்குக்கு வந்தவன், இரண்டு மாதம் ஆகப்போகும் வரை நண்பனை எட்டிப் பார்க்கவில்லை. ஆவியைக் கண்ட பிறகுதான் தேடி வருகிறான். கேட்டால் பொய் சொல்லமாட்டான், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டான். இந்தக் குறையையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் முடிவின் கொடுமை விளங்கும். “நான் டேனிஷ்காரன் என்பதைவிடப் பழைய ரோமானியன்” என்று, தன் கையால் சாவதை மானமாக நினைத்த அந்த ரோமானியர்களைப் போல விஷக்கோப்பையை எடுக்கிறான். சாகும் தறுவாயில் இருக்கும் ஹாம்லெட் அதைப் பிடுங்கி, நீ உயிரோடிருந்து என் கதையைச் சொல் என்கிறான். பேசாதவன் தலையில் பேச்சைக் கட்டிவிட்டுப் போகிறான்.

கேள்வி: டேனிஷ்காரன் என்று சொல்கிறவன், முதல் அங்கத்தில் அரசனின் குடிக்கொண்டாட்டத்தைக் கேட்டு “இது இங்கே வழக்கமா?” என்று அந்நியன் மாதிரி விசாரிக்கிறானே?
– அதே மாணவி

பதில்: இன்னொன்றும் உண்டு. ஆவி போட்டிருப்பது, நார்வே அரசனோடு மோதியபோது பழைய மன்னர் அணிந்த கவசம் என்று ஹொரேஷியோ அடையாளம் காண்கிறான். அந்தச் சண்டை நடந்த அன்றுதான் ஹாம்லெட் பிறந்தான் என்கிறான் குழிவெட்டுபவன். அப்படியானால் ஹொரேஷியோவுக்கு என்ன வயது? இதற்கு ஷேக்ஸ்பியர் கணக்கு வைத்திருந்ததாகத் தெரியவில்லை. நான் தாடி ஒட்டிக்கொண்டு நடித்தேன்.