மண்டியைத் தாண்டி வரும் தக்காளி: கேட்டதும் சொன்னதும்

தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து விவசாயிகளிடம் காய் எடுத்து, பெங்களூரில் நம் ஆட்கள் இருக்கும் குடியிருப்புகளுக்குக் கொடுத்து வருகிறேன். அங்கங்கே நிறுத்திக் கேட்ட கேள்விகளில் சில இவை.

விவேக் நகர்: அண்ணா, நாங்கள் கடையில் கொடுக்கும் காசில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது? தரகரை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?

2024இல் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்றின் கணக்குப்படி, தக்காளிக்கு நாம் தரும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதியைத் தரகர்தான் விழுங்குகிறார் என்று நானும் நினைத்திருந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் 40 பெட்டி தக்காளியைத் தோட்டத்திலிருந்து நேராக ஒரு குடியிருப்பு வாசலில் இறக்கினேன். சாயங்காலம் பிடித்த மழையில் ஒருவரும் கீழே வரவில்லை. பாதிக்கு மேல் மாட்டுக்குப் போனது.

மண்டிக்காரர் நல்லதோடு சொத்தையையும் எடுத்துக்கொள்கிறார், தரம் பிரிக்கிறார், நாற்று வாங்க முன்பணம் தருகிறார். அந்த முன்பணத்தாலேயே விவசாயி அவரிடம் மாட்டிக்கொள்வதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவரை எடுத்துவிட்டால் இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கே.ஆர்.புரம்: எங்கள் குடியிருப்பில் 120 வீடு. நாங்கள் என்ன செய்யலாம்?

விலையைக் கூட்டித் தருவதைவிட, எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 60 வீடு, வீட்டுக்கு 2 கிலோ என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தால் 120 கிலோ, அதாவது 15 கிலோ பெட்டியில் 8 பெட்டி. அதை மட்டும் பறிக்கச் சொல்வேன், வண்டியில் திரும்பிப் போக ஒன்றும் இருக்காது.

அப்புறம் விலை. 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஏறும்போது விவசாயி பேச்சை மறந்து மண்டிக்கு ஓடுவார். சரிந்தால் வாங்குகிறவர் ஓடுவார். அதனால் இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே ஏறாது என்று இரண்டு விலையையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் வருத்தம் இருக்கும், அப்படி இருந்தால்தான் நிற்கும்.

ஸ்ரீராம்புரம்: குளிர்பதன அறை போட்டால் வீணாவது நிற்குமா?

தக்காளிக்கு அவசரப்படாதீர்கள். பழுக்காத காயை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால், வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. திட்டுத்திட்டாகி அழுகும். விடிகாலைப் பறிப்பு, நிழல், அதிகம் அடுக்காத பிளாஸ்டிக் பெட்டி. இதற்குக் கரண்ட் பில் கிடையாது.

மர்பி டவுன்: ஊரில் அப்பா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க எத்தனை பேர் வேண்டும் சார்?

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் நிறுவனம் அது, பதிவுக்குப் பத்து பேர் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், அதனால் பெரிய சித்தப்பா கோபித்துக்கொள்ளலாம். 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 உறுப்பினர் கேட்டார்கள், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக அரசு தரும் மானியம் ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை. பதிவு செய்வது சுலபம். சம்பளம் கொடுத்து ஒரு நல்ல மேலாளரை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம், அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள்.

அல்சூர்: காய், பழம் விற்க விவசாயிகளின் கூட்டுறவான ஹாப்காம்ஸ் கடை இருக்கும்போது நீங்கள் எதற்கு?

நியாயமான கேள்விதான் அம்மா! 1959இல் தோட்டக்கலை நிபுணர் மரிகௌடா முயற்சியில் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கியது அது. எங்கள் வீட்டுக்குத் திராட்சை இன்றும் அங்கேதான்.

ராமமூர்த்தி நகர்: "இயற்கை" என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எந்தச் சான்று என்று கேளுங்கள். பிஜிஎஸ் என்றால் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதிப்பது. என்பிஓபி என்றால் வெளி நிறுவனம் வந்து சோதிப்பது. எனக்குத் தரும் இருவர் மருந்தே அடிப்பதில்லை, ஆனால் சான்றிதழ் இல்லை. அதனால் அவர்கள் பெட்டியில் நான் அந்த வார்த்தையை எழுதுவதில்லை. சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அத்திப்பள்ளி டோல்கேட்டில் நில்லுங்கள், வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.