தின்னர் ஆவி சூழ்ந்த அறைக்கு எந்த மின்விசிறி பாதுகாப்பானது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உறைகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். மணிக்குச் சுமார் 4 லிட்டர் என்.சி. தின்னர் செலவாகிறது. சுவரின் மேற்பகுதியில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. ‘ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்’ பொருத்திய விசிறியை அதே இடத்தில் மாட்டினால் போதும் என்கிறார் விற்பனையாளர். விலை பல மடங்கு அதிகம். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. மோட்டாரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் பொருத்தியதால் மட்டுமே ஒரு விசிறி பாதுகாப்பானதாகிவிடாது. விலை கேட்பதற்கு முன் உங்கள் தின்னரின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். என்.சி. தின்னரில், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் திரவத்தில், பெரும்பாலும் இருப்பது டொலுயீன் என்ற கரைப்பான். அது சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை வெளியிடும் என்பதால், கோவையின் மார்கழிக் குளிரிலும் உங்கள் அறையில் ஆபத்து குறைவதில்லை. காற்றில் அதன் ஆவி 1.1 சதவீதம் கலந்தாலே ஒரு சிறு பொறி போதும். மேலும் அந்த ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது; தரையோடு படர்ந்து குழிகளிலும் மூலைகளிலும் தேங்கும். எனவே, மேற்சுவரில் இருக்கும் விசிறி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இடம் தவறு. உறிஞ்சும் வாய் தரையை ஒட்டி, பெயின்ட் அடிப்பவருக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.

ஃபிளேம்ப்ரூஃப் என்ற சொல்லைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த மோட்டாருக்குள்ளும் ஆவி புகலாம், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். அந்த வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் வலுவும், இணைப்பு இடுக்குகளின் வழியே வெளியேறும் தீயை அணைத்துக் குளிர்விக்கும் அமைப்பும் அதன் கூட்டுக்கு உண்டு என்பதே அந்தச் சொல்லின் பொருள். விசிறியின் இறக்கையைப் பற்றி மோட்டாருக்கான ஃபிளேம்ப்ரூஃப் சான்றிதழ் எதையும் சொல்வதில்லை. பேரிங் தேய்ந்தாலோ, பெயின்ட் படிந்து சமநிலை கெட்டாலோ, இறக்கை கூட்டில் உரசும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும். அலுமினிய இறக்கை இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் உரசும்போது, ரயில் தண்டவாளங்களை வெல்டிங் செய்து இணைக்கப் பயன்படும் அதே தெர்மைட் வினை சிறிய அளவில் நிகழ்ந்து, மிக அதிக வெப்பமுள்ள பொறிகள் எழும். ஆகவே இறக்கை உரசக்கூடிய இடத்தில் கூட்டின் உட்புறம் பித்தளை வளையம் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பிளாஸ்டிக் இறக்கை என்றால் நிலைமின்சாரம் சேராத வகையாக இருக்க வேண்டும். விசிறிக் கூடு, டக்ட், கம்பி வலை அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எர்த் செய்யப்பட வேண்டும்.

என் பரிந்துரை, மோட்டாரும் பேரிங்கும் காற்றோட்டப் பாதைக்கு வெளியே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் புளோயர், அதாவது நடுவில் காற்றை உறிஞ்சிப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி. பெல்ட் இல்லாமல் நேரடியாகச் சுழல்வது இன்னும் நல்லது. பெல்ட்தான் வேண்டுமென்றால் ஆன்டிஸ்டேடிக் வகையைக் கேளுங்கள். மோட்டார் வெளியே இருந்தாலும், கசியும் ஆவி அதைச் சூழும் என்பதால் அதுவும் ஃபிளேம்ப்ரூஃபாகவே இருக்கட்டும்.

அளவைப் பொறுத்தவரை, 1 லிட்டர் டொலுயீன் ஆவியானால் சுமார் 0.23 கன மீட்டர் ஆவி கிடைக்கும். அதைத் தீப்பற்றும் கீழ் வரம்பான அந்த 1.1 சதவீதத்தின் கால் பங்குக்குள் வைக்க ஏறத்தாழ 84 கன மீட்டர் காற்று தேவை. எனவே 4 லிட்டருக்கு மணிக்குச் சுமார் 340 கன மீட்டர். இந்தக் கணக்கை மட்டும் நம்பிச் சிறிய விசிறி வாங்கிவிடாதீர்கள். காற்று அறை முழுவதும் சீராகக் கலப்பதில்லை. அதோடு, தொழிலாளியின் நுரையீரல் தாங்கும் அளவு தீப்பற்றும் வரம்பைவிட மிகமிகக் குறைவு. ஸ்பிரே பூத்தின் (பெயின்ட் அடிக்கும் தடுப்பறையின்) முகப்பில் நொடிக்கு சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் காற்று உள்ளிழுக்கப்பட வேண்டும். முகப்பு 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் அது மணிக்கு 7,200 கன மீட்டர். ஃபில்டரில் பெயின்ட் அடைக்கும்போதும் இந்த அளவு குறையாதவாறு, ஸ்டேடிக் பிரஷரையும் (ஃபில்டர், டக்ட் ஆகியவற்றின் தடையை மீறிக் காற்றை இழுக்கத் தேவையான அழுத்தம்) சொல்லி வாங்குங்கள்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் வாயுக் குழுவும் (எந்த வகை ஆவிக்கு ஏற்றது), வெப்ப வகுப்பும் (மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம்) இருக்கும். டொலுயீனுக்கு 2ஏ குழுவே போதும். ஹைட்ரஜனுக்கான 2சி தேவையில்லை. டொலுயீன் சுமார் 480 டிகிரியில்தான் தானாகத் தீப்பற்றும் என்பதால், மேற்பரப்பு வெப்பம் 135 டிகிரியைத் தாண்டாத டி4 வகுப்பு தாராளம். இந்த இரண்டிலும் வீண் செலவைத் தவிர்க்கலாம். தன்பாதில் உள்ள மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழையும், பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலையும் கேட்டு, மாடல் எண் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும். விசிறி ஓடாவிட்டால் ஸ்பிரே துப்பாக்கிக்குக் காற்று போகாதபடி இன்டர்லாக் வையுங்கள். மோட்டாருக்குள் கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் கிளாண்டும் ஃபிளேம்ப்ரூஃபாக இல்லையென்றால் மோட்டாருக்குக் கொடுத்த விலை முழுவதும் வீண். பிற்காலத்தில் சுருள் எரிந்தால் தெருமுனையில் ரீவைண்டிங் செய்து மாட்டிவிடாதீர்கள். இணைப்புப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் தீயைத் தடுக்கும் திறன் போய்விடலாம் என்பதால், தயாரிப்பாளரிடமோ அதற்கென அங்கீகரிக்கப்பட்டவரிடமோதான் அனுப்ப வேண்டும்.