மேனேஜர் டேபிள் ஒயர்ல கார்ட்லெஸ் ஏன் வேலை செய்யல?

குமுளியில ஏலக்கா வியாபாரம் பண்ற அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்காரு, ஆபீஸ்ல இபிஏபிஎக்ஸ் (வெளி லைனை உள்ள இருக்கற போன்களுக்கு பிரிச்சு குடுக்கற எக்ஸ்சேஞ்ச் பாக்ஸ்) இருக்கு, குடோனுக்கு நடந்துகிட்டே பேசலாம்னு கார்ட்லெஸ் வாங்கி மேனேஜர் டேபிள்ல இருந்த டிஸ்ப்ளே போனோட ஒயரை உருவி இதுல சொருகினா டயல் டோனே வரல, போனை திருப்பி குடுத்துரவான்னு.

குடுக்காதீங்கண்ணே, போன் மேல தப்பிருக்காது. அந்த டிஸ்ப்ளே வச்ச பெரிய போன் கீபோன், அதுக்கு வர்ற ஒயர்ல பெரும்பாலும் டிஜிட்டல் சிக்னல்தான் ஓடும், அந்தந்த கம்பெனி போனுக்குத்தான் அது புரியும். சாதா கார்ட்லெஸ்ஸுக்கு அனலாக் லைன் வேணும், எஸ்எல்டி போர்ட்னு சொல்லுவாங்க. ஆபீஸ்லயே வெறும் நம்பர் பட்டன் மட்டும் இருக்கற சாதா போன் ஒண்ணு இருக்கும்ல, அந்த ஒயர்ல மாட்டி பாருங்க, டோன் வந்துட்டா முடிஞ்சுது. அப்புறம் டெக்னீசியனை விட்டு க்ரோன் பாக்ஸ்ல, அதாவது போன் ஒயரெல்லாம் வந்து சேர்ற பெட்டியில, மேனேஜர் ரூம் ஒயர் ஜோடியை ஒரு எஸ்எல்டி போர்ட்டுக்கு மாத்த சொல்லுங்க, பழைய எக்ஸ்டென்ஷன் நம்பரையே அதுக்கு போட்டுத் தர சொல்லுங்க. டிஜிட்டல் போர்ட்ல திரும்பத் திரும்ப சொருகி பாக்காதீங்க, போர்ட்டோ போனோ அடிவாங்கிரும்.

அடுத்து நெறைய பேர் மாட்டிக்கிற எடம் டிரான்ஸ்ஃபர், வந்த காலை இன்னொரு எக்ஸ்டென்ஷனுக்கு மாத்தறது. ஃப்ளாஷ் பட்டன், சில போன்ல ஆர்னு இருக்கும், அதை அமுக்கி எக்ஸ்டென்ஷன் நம்பர் போடணும். அமுக்கினதும் கால் கட்டாச்சுன்னா ஃப்ளாஷ் நேரம் அதிகம், போனை வச்சுட்டாங்கன்னு இபிஏபிஎக்ஸ் நெனச்சுக்குது, ஒண்ணுமே ஆகலன்னா நேரம் கம்மி. ஹேண்ட்செட் செட்டிங்ல 100, 300, 600 மில்லிசெகண்ட்னு மாத்தி மாத்தி போட்டு பாருங்க, இதுக்குன்னு பல பேர் நல்ல போனை தூக்கிப் போடறாங்க, மனசு கேக்கல.

மிஸ்டு காலுக்கு திருப்பி போட்டா போகலன்னா வெளி லைனுக்கான 0 முன்னாடி இல்லன்னு அர்த்தம், எடிட் பண்ணி சேத்துக்கங்க.

டெக்ட் போன் (டிஜிட்டல் கார்ட்லெஸ்) உள்ளுக்குள்ள 50 மீட்டர், வெட்டவெளியில 300 மீட்டர்னு சொல்றாங்க, ஆனா கல்லு சுவரும் தகர ஷீட்டும் இருக்கற குடோன்ல அவ்வளவு எதிர்பாக்காதீங்க, பேஸை, அதாவது ஒயர் மாட்டற அடிப்பெட்டியை, குடோன் பக்கத்து சுவர்ல உயரமா, வைஃபை ரவுட்டர்லேர்ந்து தள்ளி வைங்க.

கரண்ட் போனா பேஸ் செத்துரும், அதனால ஒரு ஒயர் போன் கண்டிப்பா இருக்கட்டும், இபிஏபிஎக்ஸுக்கு பேட்டரி இருந்தா அந்த ஒயர் போன் ஓடும். துலாவர்ஷத்துல (ஐப்பசி மழையில) நம்ம மலையில இடி எப்படி எறங்கும்னு உங்களுக்கே தெரியும், லைன்லயும் அடாப்டர்லயும் சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏர்ற வோல்டேஜை தடுக்கறது) போட்டுட்டு அப்புறமா போனை மாட்டுங்க.